விர்ஜினியாவும் பெரிக்கும்: ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில்

போன மாதம் லட்டாக்கியா என்ற புகை போட்ட புகையிலை பற்றிப் பேச உட்கார்ந்தபோது பாதிப் பேர் பெரிக்கைப் பற்றித்தான் கேட்டார்கள். அதனால் இன்றைக்கு விர்ஜினியா இலையும், பீப்பாயில் அழுத்திப் புளிக்க வைக்கும் பெரிக் இலையும் சேர்ந்த பைப் புகையிலைக் கலவைகள் மட்டும். கேள்விகளை வந்த வரிசையிலேயே, கேட்டவரின் ஊர்ப்பெயரோடு எடுத்துக்கொள்கிறேன். கப்பல் இஞ்சின் அறையில் 22 வருஷம் இருந்தவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

காபி முடிந்தது. எஸ்குடோ என்ற விர்ஜினியா-பெரிக் கலவை டின்னிலிருந்து இரண்டு இலை வட்டங்களை எடுத்து, உதிர்த்து, எவர்சில்வர் தட்டில் பரப்பி வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் பதமாகக் காய்ந்துவிடும். அதற்குள் முடித்துவிடலாம் என்று எண்ணம்.

முதலிலேயே ஒன்று. இதுவரை புகைக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். 18 வயது ஆகாதவர் படிக்கவே வேண்டாம்.

கோவை: விர்ஜினியா, பெரிக் இரண்டும் வேறு வேறு செடியா சார்?

இனம் ஒன்று, ரகம் வேறு. அதைவிட முக்கியம், பதப்படுத்தும் விதம் வேறு.

விர்ஜினியா என்பது இன்றைக்கு ஊர்ப்பெயர் அல்ல. 1612 வாக்கில் ஜேம்ஸ்டவுனில் ஜான் ரால்ஃப் பயிரிட்டபோது அது ஊர்ப்பெயராக இருந்தது. இப்போது பிரேசில், ஜிம்பாப்வே, நம் ஆந்திரா, மைசூர்ப் பக்கம் விளைந்தாலும் அது விர்ஜினியாதான். அடைத்த கொட்டகையில் இலையைத் தொங்கவிட்டு, புகை படாமல் வெறும் சூடான காற்றை மட்டும் குழாய் வழியே கொடுத்துக் காயவைக்கிறார்கள். முதலில் மிதமான சூட்டில் இலையின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த நேரம் பார்த்துச் சூட்டைக் கூட்டினால் சர்க்கரை அப்படியே இலைக்குள் நின்றுவிடும். விர்ஜினியாவின் இனிப்புக்கு இதுதான் காரணம், யாரும் சர்க்கரை தூவுவதில்லை.

இதன் தொடக்கம் 1839இல் என்று சொல்வார்கள். வட கரோலினாவின் காஸ்வெல் கவுண்டியில் ஏபிஷா ஸ்லேடு என்பவரின் பண்ணையில் ஸ்டீபன் என்ற அடிமை இளைஞர் இலைக் கொட்டகைக்குக் காவல் இருந்தார். தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் நெருப்பு அணைகிற நிலை. கொல்லுலைப் பக்கம் கிடந்த கரியை அள்ளிப் போட்டார். சட்டென்று ஏறிய சூட்டில் இலை மஞ்சள் பொன்னாக மாறியது. ஸ்லேடு பணக்காரர் ஆனார். ஸ்டீபனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள், அவர் அடிமை.

நிறத்தை வைத்தே சுவையை ஓரளவு ஊகிக்கலாம். எலுமிச்சை மஞ்சள் இலை என்றால் வைக்கோலும் புளிப்பும். சிவப்பு இலை என்றால் சுட்ட ரொட்டியும் கொஞ்சம் காரமும். ஆவியில் வேகவைத்துக் கறுப்பாக்கியது என்றால் கருப்பட்டி ஞாபகம் வரும்.

சேலம்: இந்தியாவில் எங்கே கிடைக்கும்? விலை என்ன?

கடை விவரம் சொல்வதில்லை. அடுத்தது.

திருச்சி: பெரிக் எப்படிச் செய்கிறார்கள்? மிளகுத்தூள் கலக்கிறார்களா?

மிளகு, பழச்சாறு எதுவும் கிடையாது, அந்த மிளகுக் காரம் இலையின் சொந்தக் காரம். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன், எனக்குப் பிடித்த இடம் இது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றில் நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே கான்வென்ட் என்று ஒரு ஊர். தானியம் ஏற்றப் பெரிய கப்பல்கள் அங்கே வந்து நிற்கும். நான் மூன்று முறை அங்கே நின்றிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஆற்றங்கரை மேடு, மேட்டுக்கு அப்பால் கரும்பு. என் பைப்பில் நிரப்பிக்கொண்டிருந்த இலை அந்தக் கரும்புக்குப் பின்னால்தான் விளைகிறது என்று முதல் இரண்டு முறையும் எனக்குத் தெரியாது. செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் என்ற அந்த ஒரு வட்டாரம், அதிலும் கிராண்ட் பாயின்ட் என்ற சின்னப் பகுதி, அதுதான் பெரிக்கின் வீடு. மூன்றாம் முறை ஏஜென்ட் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அப்போதும் இறங்கிப் போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பல்காரன் வாழ்க்கை அப்படித்தான், ஊரின் வாசலில் நின்று திரும்பிவிடுவோம்.

செய்முறை இது. இலையைக் கொட்டகையில் காற்றாடக் காயவைக்கிறார்கள். லேசாக ஈரம் காட்டி, நடு நரம்பை உரித்து, இலையைக் கற்றையாக முறுக்கி, விஸ்கி இருந்த பழைய ஓக் பீப்பாயில் அடுக்குகிறார்கள். மேலே பலகை வைத்து ஜாக்கி போட்டு இறுக்குகிறார்கள். நம் ஊரில் லாரிக்கு டயர் மாற்ற வைப்போமே, அந்த மாதிரி ஜாக்கிதான். அழுத்தத்தில் இலை தன் சாற்றை விடும். அந்தச் சாற்றிலேயே, காற்றுப் படாமல் இலை புளிக்கும். நடுவில் மூன்று முறையாவது பீப்பாயைத் திறந்து, கற்றைகளை வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, திரும்ப அடுக்கி, திரும்ப இறுக்குவார்கள். எல்லாம் முடிய ஏறத்தாழ ஒரு வருஷம். வெளியே வரும்போது இலை கறுப்பு, பிசுபிசுப்பு. வாசனை? ஊறுகாய் ஜாடியும் இலந்தைவடைப் பொட்டலமும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி.

அந்த ஊர்க் கதைப்படி, சோக்டா, சிக்கசா பழங்குடிகள் மரப்பொந்தில் இலையை அழுத்திவைப்பதைப் பார்த்து, பியர் ஷெனே என்ற அகேடிய (பிரெஞ்சு வம்ச) விவசாயி 1824இல் இதை வியாபாரமாக்கினார். பெரிக் என்பது அவருடைய செல்லப்பெயர் என்பார்கள். பெயருக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. இங்கே எழுத முடியாது.

மதுரை: விர்ஜினியா பிடித்தால் நாக்கு எரிகிறது. பெரிக் சேர்ந்தது வாங்கினால் சரியாகுமா அண்ணா?

தம்பி, உங்கள் நாக்கைச் சுடுவது இலை அல்ல, நீங்கள். ஈர இலையை நிரப்பி, அணைந்துவிடுமோ என்று பயந்து பயந்து இழுக்கிறீர்கள். உள்ளே ஆவி கிளம்புகிறது. நான் பாய்லர் பார்த்தவன், ஆவி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். போதாததற்கு விர்ஜினியாவில் சர்க்கரை அதிகம், புகை அமிலத்தன்மை உள்ளது. சூடும் அமிலமும் சேர்ந்தால் நாக்கு புண்தான்.

பெரிக் சேர்த்தால் கலவையின் கூர்மை கொஞ்சம் மழுங்கும், உண்மை. ஆனால் வேகமாக இழுத்தால் அதுவும் சுடும், கூடவே தொண்டையில் மிளகும் ஏறும். உலர்த்துங்கள். இலையை விரல்களுக்கு நடுவே கிள்ளி விடுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம், மெல்ல விரிந்துகொண்டால் பதம், நொறுங்கினால் போச்சு. அப்புறம், சூடான டிகாக்‌ஷனை உறிஞ்சுகிற வேகத்தில் இழுங்கள். அணைந்தால் அணையட்டும், தீப்பெட்டி எதற்கு இருக்கிறது?

வேதாரண்யம்: எங்கள் தாத்தா வெற்றிலைக்குப் போடும் புகையிலைக்குப் போர் போடுவார். இலையை அடுக்கி, பாரம் ஏற்றி, வேர்க்க விட்டு, பிரித்து மாற்றி அடுக்கி, கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பார். இதுதானே ஐயா பெரிக்? இதற்கு எதற்கு லூசியானா?

ஒன்றல்ல. போரில் காற்று உண்டு, பீப்பாயில் இல்லை.

சென்னை: எஸ்குடோ, செயின்ட் ஜேம்ஸ் ஃபிளேக், சொலானி 633, பயூ மார்னிங் என்ற நாலு பெரிக் கலவைகளும் நண்பர் மூலம் கிடைத்திருக்கின்றன. எப்படி ஒப்பிடுவது? எது முதலில்?

நல்ல கேள்வி. நாலையும் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டு "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்று எழுதாமல் முன்கூட்டியே கேட்டீர்களே, அதற்கே நன்றி.

முதலில் பெரிக் இல்லாத ஒரு விர்ஜினியாவை ஒரு வாரம் பிடியுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். சோற்றின் ருசி தெரியாதவருக்குக் குழம்பின் ருசியும் தெரியாது. பெரிக் குழம்புகூட அல்ல, குழம்பில் விழுகிற மசாலா. பெரும்பாலான கலவைகளில் விர்ஜினியாதான் மிகப் பெரிய பங்கு. நீங்கள் "நல்ல பெரிக்" என்று பாராட்டுவதில் முக்கால்வாசி நல்ல விர்ஜினியாதான்.

உங்கள் பட்டியலுக்கு வசதியான ஜோடி ஒன்று உண்டு. செயின்ட் ஜேம்ஸ் ஃபிளேக் (ஃபிளேக் என்றால் அழுத்தித் தகடாக நறுக்கிய இலை) செய்கிற சாமுவேல் காவித், இங்கிலாந்தில் கெண்டல் ஊரில் 1792 முதல் இருக்கும் பெயர். அவர்களே ஃபுல் விர்ஜினியா ஃபிளேக் என்று பெரிக் இல்லாத ஒன்றும் செய்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்த நாள் பிடித்துப் பாருங்கள். ஒரே வீட்டுச் சமையல், ஒன்றில் பெரிக் உண்டு, ஒன்றில் இல்லை. பெரிக் என்ன செய்கிறது என்று அங்கே தெரிவது போல வேறு எங்கும் தெரியாது.

பைப் விஷயம். லட்டாக்கியா பிடித்த பைப்பில் இதைச் செய்யாதீர்கள், ஆறு மாதத்துக்குப் புகை வாடை போகாது. மிசூரியின் வாஷிங்டன் ஊரில் 1869 முதல் செய்கிற மக்காச்சோளக் கட்டை பைப் போதும். விலை குறைவு, இலைக்கு நடுவில் குறுக்கே பேசாது. ஒரு நாளைக்கு ஒரு கலவை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. பக்கத்தில் தண்ணீர் மட்டும். ஒரு நோட்டில் மூன்று வரி: பைப்பில் நிரப்பிய இலையின் மேல் பகுதி, நடு, அடி. பைப்பின் மேல் பகுதியை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள்தான் நம்மில் அதிகம். பெரிக் வெளியே வருவது நடுவிலிருந்துதான்.

புகையை நெஞ்சுக்குள் இழுக்க வேண்டாம், வாயில் வைத்து விடுவதுதான் பைப். எப்போதாவது ஒரு துளியை மட்டும் மூக்கு வழியாக மெல்ல விட்டால் மிளகு எங்கே இருக்கிறது என்று தெரியும். துளி என்றேன். முழு வாய்ப் புகையையும் விட்டுவிட்டுக் கண்ணீரோடு என்னிடம் வராதீர்கள்.

வரிசை: முதலில் சொலானி. சாதுவான ஆள். டின்னைத் திறந்ததும் ஏறத்தாழப் பதமாகவே இருக்கும். விர்ஜினியாவின் இனிப்பு முன்னே வரும், பெரிக் பின்னால் நின்று தலையை மட்டும் காட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

இரண்டாவது எஸ்குடோ. லிவர்பூலில் கோப்ஸ் கம்பெனி செய்துகொண்டிருந்தது, பிறகு டென்மார்க்குக்குக் கை மாறியது. இலையைக் கயிறாகச் சுருட்டி, அழுத்தி, குறுக்கே நறுக்கினால் நாணயம் போல வட்டம் வட்டமாக வரும். சுட்ட ரொட்டி, உலர் திராட்சை, நடுவிலிருந்து மிளகு. எதுவும் எதையும் மிதிக்காது. தட்டில் எனக்காகக் காய்ந்துகொண்டிருப்பது இதுதான், எனக்குப் பாரபட்சம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது செயின்ட் ஜேம்ஸ். கறுப்பாக, நீளமாக, சொட்டச் சொட்ட வரும். கெண்டல் ஃபிளேக்குகளுக்கு ஈரம் பிறவிக் குணம். ஒரு மணி நேரம் போதாது, முந்தின ராத்திரியே பிரித்து வையுங்கள். பேரீச்சம்பழத்தைப் புளியோடு வேகவைத்தது போல அடர்த்தி. காலி வயிற்றில் வேண்டாம், தலை சுற்றும்.

கடைசியாகப் பயூ மார்னிங். அமெரிக்காவில் கார்னெல் அண்டு டீல் செய்வது. நாலில் ஒரு பங்கு பெரிக். ரசத்தில் கை தவறி மிளகு கொட்டிய வீடு. எனக்கு வருஷத்தில் நாலு முறை பிடிக்கும். இதை முதலில் பிடித்தீர்களென்றால் மற்ற மூன்றும் பச்சைத் தண்ணீராகத் தெரியும்.

திருநெல்வேலி: பெரிக் கலந்தது எங்கே சார் கிடைக்கும்?

மேலே சேலத்துக்குச் சொன்னதைப் பார்க்கவும்.

பெங்களூர்: பழைய மெக்கிளெலண்ட் டின் ஒன்று திறந்தேன். தக்காளி சாஸ் வாசனை. இது பெரிக்கின் புளிப்பா?

அல்ல. கான்சாஸ் சிட்டியின் மெக்கிளெலண்ட் நிறுவனம் விர்ஜினியாவைப் பதப்படுத்திய விதத்துக்கே அந்தக் காடி வாசனை உண்டு. பெரிக் இல்லாத அவர்கள் டின்னிலும் வரும். காற்றாட வைத்தால் பெரும்பகுதி போய்விடும். 2018இல் நிறுவனத்தை மூடிவிட்டார்கள், ஆகவே கையில் இருப்பதைச் சிக்கனமாகப் பிடியுங்கள்.

வேதாரண்யம்: காற்று உண்டு என்கிறீர்கள். எங்கள் போரைப் பாய் சுற்றிக் கட்டி, மேலே கல் ஏற்றுவார்கள். காற்று எங்கே போகும்?

சரி, உட்கார்ந்து பேசுவோம்.

உங்கள் தாத்தாவின் போருக்குள் கையை விட்டால் சுடும், இல்லையா? அந்தச் சூடுதான் வேலை செய்கிறது. இலைக்கு நடுவே காற்று இருக்கிறது, ஈரம் இருக்கிறது, இலை மூச்சு விடுகிறது, சூடேறுகிறது. அதனால்தான் பிரித்து மாற்றி அடுக்குகிறார்கள். மாற்றாமல் விட்டால் நடு இலை வெந்து வீணாகும். கியூபாவில் சுருட்டு இலைக்குச் செய்வதும் இதே முறைதான். பெரிக் பீப்பாய் இப்படிச் சூடேறாது. அழுத்தம் காற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது, சாறு இலையை மூடிவிடுகிறது, காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில் சாவகாசமாக வேலை செய்கின்றன.

மாவடு போட்டிருப்பீர்கள். உப்பில் போட்டதும் மாவடு தன் தண்ணீரை விட்டுச் சுருங்கி, அந்தத் தண்ணீரிலேயே மூழ்கி ஊறுகிறதே, பெரிக் அது. உங்கள் போர், வாழைத்தாரை வைக்கோலில் மூடிப் பழுக்க வைப்பது. இரண்டிலும் மூடுகிறோம், இரண்டிலும் காத்திருக்கிறோம். அதற்காக மாவடுவும் வாழைப்பழமும் ஒன்றாகிவிடாது. கருப்பட்டித் தண்ணீர் வேறு தெளிக்கிறீர்கள். பெரிக்குக்கு வெளியிலிருந்து எந்த இனிப்பும் வருவதில்லை.

யாழ்ப்பாணம்: இடையில் வாறதுக்கு மன்னிக்கவும் அண்ணை. எங்கட ஊரில் புகையிலையைக் குடிலுக்குள்ள தூக்கி, தேங்காய் மட்டை எரிச்சுப் புகை போடுவினம். அது பெரிக்குக்குக் கிட்ட வருமோ?

கிட்ட வராது தம்பி, ஆனால் நீங்கள் வேறு ஒரு கதவைத் தட்டியிருக்கிறீர்கள். புகை போட்டுப் பதப்படுத்துவது அமெரிக்காவின் கென்டக்கி இலைக்கு அண்ணன் முறை. அங்கே கடின மரம், உங்களுக்குத் தேங்காய் மட்டை. சிரியா, சைப்ரஸ் லட்டாக்கியாவும் இந்தக் குடும்பம்தான். யாழ்ப்பாணத்து இலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பல் கப்பலாகப் போனது. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச ஆசை. இன்றைக்கு வேதாரண்யத்துக்காரர் என்னை விடமாட்டார் போலிருக்கிறது.

வேதாரண்யம்: விடமாட்டேன். வெள்ளைக்காரன் பீப்பாயில் செய்தால் அது கலை, நாம் பாய் சுற்றிச் செய்தால் வாழைப்பழமா?

வாழைப்பழத்தை நான் மட்டமாகச் சொன்னேனா? பெரிக் வெள்ளைக்காரன் சொத்தும் அல்ல. மேலே எழுதிய ஊர்க் கதைப்படி, சோக்டா மக்களிடமிருந்து வந்தது. அதை வாங்கிக்கொண்ட அகேடியர்கள் கனடாவிலிருந்து ஆங்கிலேயர் துரத்திவிட்ட பிரெஞ்சுக்காரர்கள். யார் பெரியவர் என்ற பஞ்சாயத்தே இங்கே இல்லை, இலைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் பேச்சு. மெல்லுகிற இலைக்கு எச்சிலில் ருசி விட வேண்டும். பைப் இலைக்கு நெருப்பில் ருசி விட வேண்டும். தாத்தாவின் இலையைப் பைப்பில் போட்டால் தாத்தாவே திட்டுவார்.

தூத்துக்குடி: சீஃப், நானும் இஞ்சின் ரூம்தான். டின்களைக் கப்பலில் எங்கே வைப்பீர்கள்?

கேபினில், அலமாரியின் அடித்தட்டில். ஒரு முறை புத்திசாலித்தனமாக இஞ்சின் கண்ட்ரோல் ரூமுக்கு வெளியே குழாய் மேல் ஒரு டின்னை மறந்து வைத்தேன். பாரசீக வளைகுடாவில் ஜூலை மாதம். நான்கு நாள் கழித்துத் திறந்தால் விர்ஜினியா கறுத்து, வேகவைத்த கத்தரிக்காய் வாசனை அடித்தது. இஞ்சினுக்கு எண்ணெய் போடும் பையன் ஒருவன் "சார், இது நல்லா இருக்கே" என்றான். அவனுக்கே கொடுத்துவிட்டேன்.

ஈரோடு: எத்தனை வருஷம் வைத்தால் நல்லது? பெரிக்கும் முதிருமா?

முதிர்வது முக்கியமாக விர்ஜினியா. சர்க்கரை இருக்கிற இலைக்குத்தான் எதிர்காலம் உண்டு. வருஷம் ஆக ஆக மஞ்சள் பழுப்பாகும், முன்பு தனித்தனியாகத் தெரிந்த வைக்கோலும் புளிப்பும் ஒன்றோடொன்று கரையும். பெரிக் பீப்பாயிலேயே தன் புளிப்பை முடித்துக்கொண்டு வந்த ஆள், அதற்கு இனி மூர்க்கம் குறைவதுதான் பாக்கி. ஆகவே ஐந்து வருஷம் வைத்த கலவையில் மிளகு இறங்கி, அத்திப்பழம் மேலே வரும். என் நாக்குக்கு ஐந்திலிருந்து எட்டு வருஷம் உச்சம். அதற்கு மேல் சிலது படுத்துவிடுகிறது.

மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடி, வெளிச்சம் படாத இடம். மாதம் ஒரு முறை திறந்து மோந்து பார்க்கக் கூடாது, வளர்கிற செடியைப் பிடுங்கி வேர் பார்க்கிற வேலை அது. பழைய இலையின் மேல் வெள்ளையாக மினுமினுப்பு தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். பளபளவென்று மணல் போல் இருந்தால் படிகம். பஞ்சு போல் இருந்தால், பூஞ்சை வாடையும் அடித்தால், பூஞ்சைதான். தூக்கிப் போடுங்கள். தட்டிவிட்டுப் பிடிக்கலாமா என்று கேட்காதீர்கள்.

ஈரோடு: தட்டிவிட்டுப் பிடிக்கலாமா?

கூடாது.

புதுச்சேரி: என் மாமனார் த்ரீ நன்ஸ் என்ற கலவை பிடிப்பார். அதில் பெரிக் இருந்தது என்பார். நான் இப்போதையதை வாங்கினேன், மிளகே இல்லை.

உங்கள் நாக்கு சரியாகத்தான் இருக்கிறது. கிளாஸ்கோவின் பெல் கம்பெனிக் காலத்தில் பெரிக் இருந்தது. பிறகு வந்ததில் பெரிக்குக்குப் பதில் கென்டக்கி. பெயரும் வட்டமும் அதேதான், ஆள் வேறு. டின்னின் பெயரை நம்பி ஏமாந்தவர்கள் சங்கத்துக்கு நல்வரவு.

சென்னை: டப்பாவில் அகேடியன் பெரிக் என்று போட்டிருக்கிறது. போலியா?

போலி இல்லை, கூட்டு. செயின்ட் ஜேம்ஸ் மண்ணில் விளைவது கொஞ்சம். ஒரு காலத்தில் பயிரிட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்ற நிலை. அமெரிக்கன் ஸ்பிரிட் சிகரெட்டில் பெரிக் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் மறுபடி ஆள் வந்தார்கள். தேவைக்கு இலை போதாமல், வெளியூரில் விளையும் பர்லி என்ற ரக இலையையும் அதே முறையில் பீப்பாயில் அழுத்தி, உள்ளூர் இலையோடு கலப்பதைத்தான் அகேடியன் என்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைத்தால் எனக்கு வித்தியாசம் தெரிகிறதா? கலவையில் பத்தில் ஒரு பங்கு என்றால் தெரியவில்லை. தெரியும் என்று சத்தியம் செய்பவர்களை எனக்குத் தெரியும், கண்ணைக் கட்டச் சம்மதிக்கமாட்டார்கள்.

திருச்சி: உறையூர்ச் சுருட்டை உதிர்த்துப் பைப்பில் போடலாமா?

சுருட்டைச் சுருட்டாகப் பிடியுங்கள். ஆங்கிலேயன் அந்தத் தமிழ்ச் சொல்லையே "செரூட்" என்று எடுத்துக்கொண்டு போனான், அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

ஓசூர்: நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் பைப் சிகரெட்டைவிடப் பாதுகாப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பாதுகாப்பு இல்லை. உள்ளே இழுக்காவிட்டாலும் புகை வாயில்தான் நிற்கிறது. வாய், உதடு, தொண்டைப் புற்றுநோய்க்குப் பைப்பும் காரணம். நிகோடின் வாய்த் தோல் வழியாகவும் ஏறும், பழக்கம் பிடிக்கும். நான் வாரத்துக்கு மூன்று பைப் என்று குறைத்துக்கொண்டேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிறேன். அப்படியும் இது பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் நண்பர்கள் சொன்னால், அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நாகர்கோவில்: பெரிக் எங்கு கிடை

இல்லை.

கரூர்: தனிப் பெரிக்கை அப்படியே பிடிக்கலாமா?

ஒரு முறை பிடித்தேன். விக்கல் 40 நிமிஷம். மசாலா டப்பாவைச் சோறாகச் சாப்பிடுவதில்லையே.

கரூர்: வீட்டில் குக்கரில் இலை வைத்துப் பெரிக் செய்ய

தயவுசெய்து வேண்டாம்.

மதுரை: அண்ணா, வேறு டின் மாற்றிப் பார்த்தேன், இன்னும் நாக்கு எரிகிறது.

உலர்த்தினீர்களா? மெதுவாக இழுத்தீர்களா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் ஒரு வாரம் பைப்பைத் தொடாதீர்கள், புண் ஆறட்டும். ஆறாமல் நின்றால் டாக்டரிடம் போங்கள், என்னிடம் அல்ல.

வேதாரண்யம்: கடைசியாக ஒன்று. அம்மாவிடம் போனில் கேட்டேன். போரின் அடி வரிசை இலை மட்டும் எப்போதும் கறுத்து, நசநசவென்று சாறு கட்டி இருக்குமாம். அதைத் தாத்தா விற்கமாட்டாராம், தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வாராம். அம்மா சொன்ன வாசனை: இலந்தைவடை. நான் உங்கள் பதிலை அவரிடம் படித்துக் காட்டவே இல்லை.

ஐயா, நிறுத்துங்கள். இதை முதல் கேள்வியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

அடி வரிசைக்கு மேலே மொத்தப் போரின் பாரம். சாறு இறங்கித் தேங்கும் இடம் அதுதான். காற்றும் அங்கேதான் குறைவு. மாற்றி அடுக்கும்போது அதை வெளியே எடுத்துக் காற்றாடவும் விட்டிருப்பார்கள். ஜாக்கி இல்லை, பீப்பாய் இல்லை, ஒரு வருஷமும் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு வரிசையில் நடந்தது மாவடு, வாழைப்பழம் இல்லை. பெரிக்கின் ஒன்றுவிட்ட தம்பி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டேன். நல்லதைத் தனக்கென்று எடுத்து வைத்தாரே, தாத்தா விஷயம் தெரிந்தவர்.

சேலம்: இப்போது உங்கள் பைப்பில் என்ன?

ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் என்று தட்டில் பரப்பியதை உங்களோடு பேசிப் பேசி மூன்றரை மணி நேரம் ஃபேன் காற்றில் விட்டுவிட்டேன். இப்போது கிள்ளிப் பார்த்தேன், அப்பளமாக நொறுங்குகிறது. ஒரு கிண்ணத்தில் போட்டு, இலையில் படாமல் வாயில் ஈரத்துணி கட்டி வைத்திருக்கிறேன். ராத்திரிக்குள் தேறினால் பார்க்கலாம்.